விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்

பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் இது கரண்ட் மிச்சம் பிடிக்கிற பேய், அதுதான் உதைக்கிறது. ஹால் விளக்கை அணைக்கிறது, டிவிக்குக் கீழே சிவப்பாக ஒரு பொட்டு எரியுமே, அதைக்கூட விடாமல் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போகிறது. ஆளில்லாத வீடு இது. இருபத்திரண்டாவது மாடி, நாலு படுக்கையறை, வீட்டுக்காரர்கள் கனடாவில். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து திறந்து பார்த்துக்கொள்ள என்னை வைத்திருக்கிறார்கள். ஹால் விளக்கு ராப்பகலாக எரிய வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் குடும்பம் இருக்கிற வீடாகத் தெரிய வேண்டும் என்பது அந்த அம்மாவின் உத்தரவு. எரியவிட்டுத்தான் போகிறேன். அடுத்த முறை வந்தால் இருட்டு. நேற்று சூப்பர்வைசர் லாரன்ஸ் போனில் கத்தினான். "அக்கா, மேடம் போன்ல காட்டுதாம், லைட்டு ஆஃப், லைட்டு ஆஃப்னு. பூட்டு நம்பர் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. சனிக்கிழம காலைல கேமரா மாட்ட ஆள் வர்றாங்க. யாராவது மாட்டினா நேரா போலீஸ்தான். உங்க வேலையும் காலி. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க." அழவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்ற வர வேண்டியவள் மத்தியானமே வந்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற இந்த வேலையாள் அறையில், கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேமரா பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலை போய்விடுமே என்கிற பயம்தான், வேறென்ன.

இந்த உயரத்தில் காற்று கதவுக்கு அடியில் புகுந்து ஊதுகிறது, யாரோ சூடான பாலை ஊதி ஆற்றுவது மாதிரி. முதல் நாள் வந்தபோது ஹாலில் ஏழெட்டுப் பேர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். சோபாவும் நாற்காலியும்தான், தூசி படாமல் இருக்க மூடி வைத்திருக்கிறார்கள். இப்போதும் உள்ளே நுழையும்போது ஒரு கணம் அவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டது மாதிரித்தான் இருக்கிறது. என் வேலை சுலபம். எல்லாக் குழாயையும் திறந்துவிட வேண்டும், எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் விட வேண்டும், விடாவிட்டால் அடியில் நிற்கிற தண்ணீர் வற்றிச் சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிடும். ஜன்னலைத் திறந்து மூட வேண்டும், ஏசியை ஓடவிட வேண்டும். அதாவது வீட்டை யாரோ இருக்கிறார்கள் என்று நம்பவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் பூஜை அலமாரியைத் திறந்து, விளக்கைத் துடைத்துப் பொட்டு வைத்து, எண்ணெய் ஊற்றி ஏற்றி, போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அது குளிர்கிற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். "நல்ல குடும்பத்து லேடியா வேணும்னு கேக்குறாங்க அக்கா, உங்க முகம் பாந்தமா இருக்கு" என்று லாரன்ஸ்தான் என்னை எடுத்தான். நல்ல குடும்பம்தான். நன்றாக இருக்கிற நல்ல குடும்பம் எதற்கு அடுத்தவர் வீட்டுக்கு விளக்கேற்ற வருகிறது, நொடித்துப்போன நல்ல குடும்பமாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த அம்மா நல்லவள், குறை சொல்ல மாட்டேன். வீடியோவில் சிரித்துக்கொண்டே "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க அக்கா" என்றாள். நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். இரண்டாவது படுக்கையறையில் குழந்தைக்குத் தொட்டில், அலமாரி நிறையச் சின்னச் சின்னச் சட்டைகள், கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை, அந்தக் குழந்தை இப்போது கனடாவில் பள்ளிக்கூடம் போகிறதாம். இந்தத் தொட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லை. நான் அந்த அறைக் குழாயை மட்டும் வேகமாகத் திறந்து வேகமாக மூடிவிடுவேன்.

நமக்கும் வீடு இருந்தது. கொரட்டூரில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவர் அம்பத்தூரில் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். கேட்டால் நடுத்தரம் என்று சொல்வோம், அதில் ஒரு பெருமை வேறு, பணக்காரனிடம் இல்லாத ஒழுங்கும் ஏழையிடம் இல்லாத நிம்மதியும் நம்மிடம் இருக்கிறது என்று. எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. நடந்திருந்தால் உட்கார்ந்து அழுதிருக்கலாம், நாலு பேர் வந்து துக்கம் கேட்டிருப்பார்கள். முதலில் பேப்பரை நிறுத்தினோம், போனிலேயே படிக்கிறோம் என்றோம். அப்புறம் கார், ஓட்டவே நேரமில்லை என்றோம். அப்புறம் பாத்திரம் தேய்க்க வந்த செல்லம்மாவிடம், நாங்கள் ஊரோடு போகிறோம் என்று பொய் சொல்லி நிறுத்தினேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவள் கண்ணில் படாமல் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே நடமாடியிருப்பேன். பால்கனிக்குக்கூட வரவில்லை. அப்போதே பேய்தான் நான். கம்பெனி வாசல் மூடின பிறகு இவர் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போனார், அதுவும் மூடினது, கடைசியில் வீடும் போயிற்று, இப்போது புழுதிவாக்கத்தில் ஒரு போர்ஷன். வீட்டுக்காரர் மோட்டார் போடும்போதுதான் தண்ணீர். இவர் பாரிமுனையில் சிநேகிதர் குடோனில் கணக்குப் பார்க்கிறார். காலையில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். சம்பளம் இன்னும் சரியாக அமையவில்லை என்கிறார். அமையட்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் அவருக்கு.

எங்கே விட்டேன், பேய். ஆடி மாசத்தில் ஆரம்பித்தது. சமையலறையில் ஒரே ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, நான் வைத்ததில்லை. அடுத்த வாரம் குளியலறைத் தரையில் ஈரம் இல்லை, ஆனால் ஈரத்தைத் துணியால் துடைத்து எடுத்த தடம் இருந்தது, மூலை வரைக்கும் சுத்தமாக. ஒரு பேய் குளித்துவிட்டுத் தரையைத் துடைக்குமா? ஃபிரிட்ஜில் கை வைக்கவில்லை. கட்டில்களில் ஒரு சுருக்கம் இல்லை. சோபாத் துணிகூட நான் இழுத்துவிட்டபடியே இருந்தது. வெள்ளிக் குங்குமச் சிமிழ் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. எடுக்க எவ்வளவு இருக்கிறது இந்த வீட்டில், ஒன்றும் எடுக்கவில்லை. அணைக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் ஒவ்வொரு ஸ்விட்சாகக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி முழு போர்டும் அணைந்திருக்கும், ஒன்றுமே மாட்டாத ஸ்விட்ச் உட்பட. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் மகள் இனியா அறையை விட்டு எழுந்தால் போதும், இவர் பின்னாலேயே போய்த் தட்டிக்கொண்டே வருவார், "யார் அப்பன் வீட்டுக் கரண்ட்" என்பார், "உங்க வீட்டுக் கரண்ட்தான், நீங்கதானே எங்கப்பன்" என்று அவள் சிரிப்பாள். ஈபி ஆபீசர் என்று பெயர் வைத்திருந்தோம். சரி, எந்த வீட்டு ஆம்பிளை அப்படி இல்லை, என் மாமனாரும் அப்படித்தான், எதிர்வீட்டு ஆடிட்டரும் அப்படித்தான். சம்பளத்தில் வாழ்ந்த ஜனங்களுக்கு எரிகிற விளக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது.

கீழே வாட்ச்மேனிடம் கேட்டிருக்கலாம். மேலே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை அவன் கூண்டு வரைக்கும் போனேன், இரண்டு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். இங்கே வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இவருக்கும் ஒரு அட்டை இருக்கிறது. சித்திரையில் வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் இவரைத்தான் கூப்பிட்டேன். வாசலில் போட்டோ எடுத்து, உதவியாள் என்று அச்சடித்து மாட்டிவிட்டார்கள். நூறு பேர் கையெழுத்துக்குக் காத்து நின்ற மனுஷன், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குழாயைச் சரிபண்ணிவிட்டுக் கதவுப் பூட்டின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் படித்து, புது நம்பரும் அவர்தான் போட்டுக் கொடுத்தார், கொரட்டூர் டெலிபோன் நம்பரின் கடைசி எண்கள், "அப்பத்தான் உனக்கு மறக்காது" என்றார். கிளம்புகிற நேரத்தில் பால்கனியில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க என்றதற்கு, இவ்வளவு அமைதியா ஒரு இடம் மெட்ராஸ்ல இருக்குன்னு தெரியாது என்றார். எதற்கு இப்போது இது ஞாபகம் வருகிறது. பேயைப் பற்றியல்லவா யோசித்துக்கொண்டிருந்தேன். காற்று நின்றுவிட்டது, அல்லது ஊதிக்கொண்டிருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இந்த அறைக்குள் இத்தனை மாசத்தில் நான் வந்ததே இல்லை. சாமான் அறை என்று நினைத்திருந்தேன். ஒரு ஆள் கால் நீட்டினால் சுவர் இடிக்கும், ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் குழாய்கள் இறங்குகிற பொந்து. நாலு படுக்கையறைக்குக் கட்டினவர்களேதான் இதையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், வீட்டோடு தங்கி வேலை செய்கிறவள் எங்கே படுப்பாள் என்று, எவ்வளவு இடம் போதும் என்று. இன்று உள்ளே வந்தால், தரையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, மடிப்பு நேராக இருக்கும்படி விரித்திருக்கிறது. தலைமாட்டில் துண்டை நாலாக மடித்து வைத்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை ஹேங்கர், சட்டை இல்லை. வந்தவன் திருடனாக இருந்தால்கூடத் தைரியமாக இருந்திருப்பேன். அந்தப் பக்கம் ராஜா மாதிரி கட்டில்கள் கிடக்கின்றன, குளிர்கிற அறைகள் கிடக்கின்றன, யாரும் கேட்பார் இல்லை, இதை விட்டுவிட்டு இங்கே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிற ஜென்மம் எது. செத்த பிறகும் தன் இடம் இதுதான் என்று யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு. அட்டையின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் உட்காரக் கூசுகிறது, ஆள் எழுந்து போன இடம் மாதிரி இருக்கிறது. துண்டில் ஒரு வாசனை வருகிறது. சோப்பு வாசனைதான். எல்லாக் கடையிலும் விற்கிற சோப்பு.

பத்மஜா இதே கட்டடத்தில்தான் இருக்கிறாள், ஒன்பதாவது மாடி. கொரட்டூரில் எங்களுக்கு எதிர்வீடு, ஆடிட்டர் மனைவி. ஒரே மாசத்தில் குடிவந்தோம், ஒரே கடையில் அரிசி மூட்டை வாங்கிப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வோம். அவர்கள் பணத்தை மனையில் போட்டார்கள், ஏறிக்கொண்டே போனது, நாங்கள் இவர் கம்பெனியை நம்பினோம். இவ்வளவுதான் வித்தியாசம், புத்தியும் இல்லை, உழைப்பும் இல்லை. போன மாசம் வேலையாள் லிஃப்ட் ரிப்பேர் என்று பெரிய லிஃப்டில் ஏறச் சொன்னார்கள், ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது, பத்மஜா. என்னைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தாள், ஆனால் அந்தப் பார்வை என் மேல் நிற்காமல் எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்குப் போயிற்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த லிஃப்டுக்கு நின்றுகொண்டாள். கதவு மூடினதும் நான் திரும்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். இருந்தேன். அட்டையும் கழுத்துமாக நானேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவரும் என்னிடம் இப்படி எத்தனை கண்ணாடிகளை மறைத்து வைத்திருக்கிறாரோ. ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்காமல் இருப்பதிலேயே எங்களுக்குப் பேச்சே நின்றுபோய்விட்டது, சாப்பிட வாங்க, தண்ணி வந்திடுச்சு, இவ்வளவுதான்.

பூட்டு. பூட்டில் நம்பர் அமுக்குகிற சத்தம். தடுமாறவில்லை, நிதானமாக, தன் வீட்டுப் பூட்டு மாதிரி ஒவ்வொன்றாக அமுக்குகிற விரல். கதவைத் திறந்து, உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்கிற மாதிரி மெதுவாகச் சாத்துகிறது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைக்கிற சத்தம், எனக்குத் தெரியும், இல்லை, தெரியாது. டக் என்று ஒரு சத்தம், ஹால் வெளிச்சம் போயிற்று. டக், டக், டக், மேலிருந்து கீழாக. காலடி சமையலறைக்கு வருகிறது, கதவிடுக்கில் ஒரு கை தெரிகிறது, இரண்டு மடிப்பு மடித்த சட்டைக் கை, நீலக் கோடு. காலையில் நான் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட சட்டை. காலரில் நூல் பிரிந்திருந்ததைத் தைத்துக்கொடுத்த சட்டை. அந்தக் கை தண்ணீர் பிடித்தது, குடித்தது, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தது. எனக்குப் பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை. பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர் ஹாலுக்குத் திரும்பிப் போய், சமையலறை வாசல் வழியே எனக்குத் தெரிகிற இடத்தில், வெள்ளைத் துணி போர்த்திய சோபாவுக்குப் பக்கத்தில், கைக்குட்டையை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். முதுகுகூட சோபாவில் படவில்லை. அப்புறம் பேசினார்.

"தமா, காபி போட்டுட்டியா?"

கொரட்டூர் வீட்டில், ஆபீஸ் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்கிற குரல். என் பெயர் தமயந்தி, இப்போதெல்லாம் அவர் முழுசாகத்தான் கூப்பிடுகிறார். தமா அந்த வீட்டோடு போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். "பேரிங் லோடு வந்திடுச்சு இன்னைக்கு. ஒரு வாரமா இழுத்தடிச்சான்ல, வந்திடுச்சு" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பதிலுக்கு இடம் விடுகிற மாதிரி நிறுத்தி, யாரோ ஏதோ சொன்னதுபோலச் சிரித்தார். "ஆமா, அவனே நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டான். காரை சர்வீசுக்கு விடணும் தமா, ஞாபகப்படுத்து." அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. காரை வாங்கினவன் யாரென்றே தெரியாது. பாரிமுனைக் குடோன் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அது எனக்கு ஆடி மாசத்திலேயே தெரியும், இப்போது ஒத்துக்கொள்கிறேன், முதல் டம்ளரைப் பார்த்தபோதே தெரியும். இப்படியே மூச்சு விடாமல் இருந்துவிட்டால் அவர் பேசி முடித்து, இங்கே வந்து படுக்க, ஐயோ, இந்த அறைக்குத்தான் வருவார். வெளியே போனால் அவர் முகம் என்ன ஆகும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் நாளைக்குக் கேமரா பார்க்கும், லாரன்ஸ் பார்ப்பான், கனடா பார்க்கும், போலீஸ்காரன் தோளில் கை வைத்துக் கீழே கூட்டிக்கொண்டு போவான், பெரிய லிஃப்டில், ஒன்பதாவது மாடியில் கதவு திறக்கும். நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. வாய்தான் பதில் சொன்னது.

"இதோ வந்துட்டேங்க."

அலறுவார், எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன். "சக்கரை கம்மியா போடு" என்றார், சாதாரணமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல். பதில் வந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தினமும் இந்த வீட்டில் ஒரு தமா அவருக்குப் பதில் சொல்லி, காபி கொடுத்து, பேரிங் கதை கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவள் பட்டுப்போன முகத்தோடு இருக்க மாட்டாள், கழுத்தில் அட்டை இருக்காது, தண்ணி வந்திடுச்சு என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓட மாட்டாள். எனக்கு அவள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறவள் அவள் இல்லை, நான். போனேன். அவர் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், பார்த்த பிறகுதான் பயந்தார்.

"நான் எதையும் தொடல தமயந்தி" என்றார். கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார். "சோபாத் துணியக்கூட விலக்கல. தண்ணி மட்டும்தான் குடிச்சேன்."

"தெரியும்ங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது, அழ வேண்டியிருந்தது, ஏங்க எங்கிட்ட சொல்லல என்று கத்த வேண்டியிருந்தது. வாயில் வந்தது இதுதான். "நாளைக்குக் காலைல இங்க கேமரா மாட்டுறாங்க. இனிமே வராதீங்க."

தலையாட்டினார். கைக்குட்டையை எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் நின்று, தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி என்னைக் கேட்டார்.

"அப்ப பகல்ல நான் எங்க இருக்கிறது?"

அவர் பக்கத்தில் போய், அதே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.